மாமா கட்டிய ஓலைக் குடிசை

நான் வயதுக்கு வந்தபோது எனக்குப் பச்சை ஓலைக் குடிசை கட்டியவர் அம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் அதைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். தென்னை ஓலைகளைப் பின்னி அவர் சுவரோரம் சாய்த்து நிறுத்தியதும் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து நகரியில் எங்கள் தெருவுக்கு நான் அவருடைய பெண்டாட்டி. அக்கா மகளைத் தம்பிக்குக் கொடுப்பதை எங்களில் யாரும் யோசித்துச் செய்வதில்லை.

மாமா எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர், நைனாவோடு பவர்லூம் ஓட்டியவர். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் "பாப்பா படிக்கட்டும்" என்பார். பத்தாவது முடித்தபோதும் அதைத்தான் சொன்னார், புத்தூரில் டிகிரி முடித்துத் திருப்பதியில் எம்.எஸ்ஸி. சேர்ந்தபோதும் அதைத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் வயதுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு நின்ற பிளாட்பாரத்தில் நான் புத்தகப் பையோடு ரயிலேறினேன். பெண்ணுக்காக இப்படிக் காத்திருக்கிற ஆம்பளை உண்டா என்று தெருவே அவரை மெச்சியது. நானும் மெச்சினேன்.

திருப்பதியில் ஒரு நாள் மரபியல் வகுப்பில், சொந்தத்துக்குள் கல்யாணம் செய்துகொண்ட ஒரு குடும்பத்தின் வம்சப் படத்தை மேடம் போர்டில் வரைந்தார். பிள்ளைகளுக்கு என்னென்ன நோய் வரலாம் என்று விளக்கினார். நகரி, சத்தியவேடு பக்கத்திலிருந்து வந்திருந்த நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். இயற்கை என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தது வெறும் பழக்கம்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைசிப் பரீட்சை முடிந்து வந்த வாரமே கூடத்தில் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டார்கள். நைனா, அம்மா, பெரியப்பா, ஓரமாக மாமா. எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம், ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றேன். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். திருப்பதியில் எவனையோ பார்த்துவிட்டேன் என்று பெரியப்பா முடிவே கட்டிவிட்டார். பெண்ணைப் படிக்கவைத்த நைனாவுக்கும் திட்டு விழுந்தது. இனி நான் திருப்பதிப் பக்கமே போகக் கூடாது என்றார்கள்.

மாமா வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். கல்யாணம் நின்றுபோயிருக்கும், பழி என் மேல் விழுந்திருக்கும். ஏமாந்துபோன நல்லவன் என்ற பெயரோடு அவர் காலம் முழுக்க வாழ்ந்திருக்கலாம்.

"அக்கா, அவள திட்டாத," என்றார். "எனக்குப் பொம்பளைங்க மேல மனசு போவாது. சின்ன வயசுலர்ந்தே ஆம்பளைங்க மேலதான். அவள கட்டிக்கினா அவ வாழ்க்கையும் வீணாப் பூடும்."

பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. வேலூருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டலாம் என்றார் பெரியப்பா. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அம்மா அழுதாள். நைனா மட்டும் என் பக்கம் திரும்பினார்.

"படிச்சவ நீ சொல்லு. இது இயற்கைதானா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆடுகளிலும் பறவைகளிலும் இது உண்டு. டாக்டர்கள் இதை நோய் என்று சொல்வதில்லை, கோர்ட்டும் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. ஏன் சிலர் மட்டும் இப்படி என்பதற்கு முழு விடை இன்னும் யாரிடமும் இல்லை. நைனாவுக்கு இது எதுவும் பிடிபடவில்லை. பிறகுதான் வீட்டுப் பேச்சில் சொன்னேன்.

"நைனா, இந்த வூட்ல அவருக்கு இன்னா சொல்லி வளத்தீங்க? பொண்ணு, கல்யாணம், புள்ள, இதானே? சொல்லிக் குடுத்து வர்றதா இருந்தா அதுதானே வந்திருக்கணும்?"

நைனா எழுந்து தறிக்குப் போனார்.

மாமா திருப்பதிக்குப் போய் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஊரில் அவரை மெச்சிய அதே வாய்கள் காத்திருந்ததெல்லாம் நாடகம் என்றன. டீக்கடையில் நைனாவைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொண்டு சிரித்தார்கள். சொந்தக்காரர்களின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் வரிசையில் அவர் பெயர் வரவில்லை. அம்மா அவரிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

நைனா தடுக்காததால் நான் திருப்பதியிலேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட்டேன். லீவு நாளில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவரைப் பார்ப்பேன். முதலில் சோறு துன்னியா என்று கேட்பார், பிறகுதான் மற்ற பேச்சு. ஊரில் சொல்வதை ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். காத்திருந்தது நாடகமா?

"எனக்கும் ஒரு சாக்கு வேணும்னு இருந்திச்சி, பொய் சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா நீ படிக்கணும்னு நெனச்சது நெசம் பாப்பா."

என்னைப் படிக்கவைத்தது யார் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நைனாவைச் சொல்வேன், அடுத்து இவரைச் சொல்வேன்.

போன வருடம் கடைக்குட்டித் தங்கை வயதுக்கு வந்தாள். குடிசை யார் கட்டுவது என்ற பேச்சு வந்ததும், ஏர்பேட்டில் இருக்கும் ஒன்றுவிட்ட மாமனைக் கூப்பிடலாம் என்றார் பெரியப்பா. மாமா கை பட்டால் பெண்ணுக்கு ஆகாதாம். மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த அம்மா அந்தக் கையோடு என் போனை வாங்கினாள்.

"சின்னவ பெரியவளாயிட்டாடா. ஓலை எடுத்துக்கினு வா." போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தாள். "என் கூடப் பொறந்தவன் இருக்கசொல்ல எவனோ வந்து கட்டுவானா?"

பைக்கின் பின்னால் ஓலைகள் ரோட்டைப் பெருக்க வந்து சேர்ந்தார் மாமா. குடிசை எழும்பும்போது மாமனைப் பெண்கள் கேலி பண்ண வேண்டும், அதுதான் வழக்கம். அன்று யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் அவரே திரும்பிப் பார்த்தார்.

"இன்னா, எல்லாரும் கம்முனு கீறீங்க? நான் வேணா ஒரு மாப்பிள்ள பாக்கட்டா?"

"இவளுக்கா, உனக்கா?" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

அம்மாதான் முதலில் சிரித்தாள். அதற்குள் நைனா தறிக்கொட்டகையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்துவந்து, ஓலையைக் கட்ட மாமாவிடம் நீட்டினார்.