அட்ஜஸ்ட்ல இருக்கு

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் எழுத்து கோட்டுக்கு மேலே ஏறும், கீழே இறங்கும். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது இன்றைக்கும் பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓசூரில் இதைப் ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க’ என்பார்கள். அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை பத்துகூட இருக்காது. இது ஒன்றே போதும் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக ஒருவர் வந்து, ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே பாதி உட்கார்ந்திருப்பார். லைன் வீட்டில் தண்ணீர் வராத நாளில் வீட்டுக்காரம்மா அதையே தெலுங்கில் சொல்வார். ஷிப்ட் மாற்றிக்கொள்வதும் அட்ஜஸ்ட், மெஷினைத் திருகிச் சரி செய்வதும் அட்ஜஸ்ட். என் கல்யாணத்தன்று மாமியார் தன் பெண்ணின் காதில் சொல்லி அனுப்பியதும் அதுதான். எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணிடம் மேல் பதவியில் இருக்கிற ஒருவர் அதே சொல்லைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனவள்தான், திரும்பி வரவில்லை. ஏன் என்று எங்களில் ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை.

நான் வேலை பார்ப்பது தகடு அடிக்கும் சின்னக் கம்பெனி. என் பிரஸ் மெஷினில் இரண்டு பச்சைப் பட்டன்கள், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றாக அமுக்கினால்தான் மேல் அச்சு கீழே இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் மாட்டாது, அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அப்படி அடித்தால் டார்கெட் வராது. அதனால் இடது பட்டனை அமுக்கி, ஓர இடுக்கில் ஒரு மரச்சில்லைச் செருகிவிடுவோம். அது அமுங்கியே நிற்கும். ஒரு கையால் தகட்டை வைத்து மறு கையால் அடித்துக்கொண்டே போகலாம். இதற்கும் பெயர் அட்ஜஸ்ட். சூப்பர்வைசருக்கும் தெரியும். பீஸ் குறைந்தால், ‘ஏன்ரீ, அட்ஜஸ்ட் மாட்லில்வா?’, பண்ணவில்லையா என்று அவரே கேட்பார்.

அதில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். செருகியவன் ஷிப்ட் முடிந்து இறங்கும்போது சில்லைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்காவிட்டால், அடுத்து வருகிறவரிடம் ‘அட்ஜஸ்ட்ல இருக்கு’ என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு அடுத்த ஷிப்டில் அந்த மெஷினுக்கு வந்தவர் தெற்கத்திக்காரர், விருதுநகர்ப் பக்கம். லைன் வீட்டில் எனக்கு அடுத்த கதவு. எனக்கு யாரிடமும் பேச வராது. எனக்கும் சேர்த்து அவரே பேசுவார்.

“அண்ணே, ஒரு நாளைக்கு ஒங்களுக்கு எத்தனை வார்த்தைண்ணே டார்கெட்டு? பத்தா, பன்னெண்டா?”

2003 கோடையில் ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வழக்கம்போல் வந்து என் தோளில் தட்டினார். “என்னண்ணே, இன்னைக்கு வார்த்தை டார்கெட்டு முடிஞ்சுதா?”

சிரித்துவிட்டுக் குழாயடிக்குப் போனேன். சில்லைப் பிடுங்கவில்லை. சொல்லவும் இல்லை.

கையில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் இறங்கும் சத்தம் எனக்குப் பழக்கம். அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது. அப்புறம் அவர் குரல். இடது கையால் தகட்டை நகர்த்திக்கொண்டே வலது கையைப் பட்டன்மேல் வைத்திருக்கிறார். ஒரு பட்டனுக்கு அது இறங்காது என்ற நம்பிக்கைதான். மூன்று விரல் போயிற்று.

எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினார்கள். நான் மெஷினிடம் போனேன். ஈரக் கையோடு சில்லைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மாம்பழப் பெட்டியிலிருந்து உடைத்த சில்லு. ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் சூப்பர்வைசர் எங்களைக் கூட்டி வைத்து ஒரு பட்டனை அமுக்கிக் காட்டினார். இறங்கவில்லை. இரண்டையும் அமுக்கினார். இறங்கியது. “முழங்கையால இன்னொண்ண அமுக்கிட்டான்” என்றார். மெஷினில் குறையில்லை, ஆளின் கவனக்குறைவு என்று எழுதிய தாளில் சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் அவர் என்னைத்தான் கேட்டார். “சத்தியமா ஒரு பட்டன்லதாம்ணே கை வச்சிருந்தேன். சில்லு இருந்தா நீங்க சொல்லியிருப்பீங்கள்ல. அது எப்படிண்ணே எறங்கும்?”

“தெரியலப்பா” என்றேன்.

அடுத்து அந்த மெஷினுக்கு வந்தவர் பயந்து எலுமிச்சம்பழம் கட்டினார். தானாக இறங்குகிற மெஷின் என்று பேச்சு பரவிவிட்டது. விரல் போனவரின் மனைவி கிருஷ்ணகிரிக்குப் போய் மந்திரித்த கயிறு வாங்கி வந்து அவருக்குக் கட்டிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அவளிடம் கேட்பது எனக்குக் கேட்கும். “ஒரு கைதானட்டி வச்சேன்?” அவள் “ஆமா, ஆமா” என்பாள். சோறு உண்ணும்போதும் கேட்பார். இரண்டு மாதத்தில் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், மிச்சமிருந்த இரண்டு விரலால்.

அந்த மெஷினில் பேய் இருக்கிறது என்று ஆறு வருடமாகச் சொல்கிறார்கள். அது என்ன என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். சில்லு இன்னும் என் தகரப் பெட்டியில் இருக்கிறது. தூக்கிப் போடக் கை வரவில்லை. பஸ்ஸில் யாராவது ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட்’ என்றால் நான் நகர்வதில்லை, எழுந்து முழு சீட்டையும் கொடுத்துவிடுவேன். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் அவருடைய போன் நம்பர் கிடைத்தது. சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன்.

“அண்ணே! நீங்களா பேசுதீங்க? அதிசயமால்ல இருக்கு!” பழைய குரல். பலசரக்குக் கடை வைத்திருக்கிறாராம். பிறகு அவராகவே சொன்னார்: “அந்த விஷயம்ணே... முழங்கைதான் பட்டிருக்கும். எனக்குத்தான் நெனப்பில்ல. எத்தனை வருசம் பைத்தியம் மாதிரி யோசிக்க? மனச அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்.”

“சரிப்பா” என்று மட்டும் சொன்னேன். “டார்கெட்டு முடிஞ்சுதாண்ணே?” என்று சிரித்துவிட்டு வைத்தார்.

அவரிடம் உண்மை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் விட்டுவிட்டார்.

நேற்று ஆயுத பூஜை. மெஷினைத் துடைத்து, பச்சைப் பட்டன் இரண்டுக்கும் சந்தனம் வைத்தேன். இடது பட்டனில் விரல் நின்றுவிட்டது. இன்றைக்கு வீட்டுக்காரியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். வாயால் வராதது கையால் வரட்டும் என்றாள்.

இந்தத் தாள்கள் முதலில் அவருக்குத்தான் போகின்றன, சில்லோடு சேர்த்து. தம்பி, நீ ஒரு கைதான் வைத்தாய். மெஷின் அட்ஜஸ்டில் இருந்தது. நான் சொல்லவில்லை.

விஜயதசமி, 2009.