கறுப்புக் கல்லுக்கு அந்தப்பக்கம்

மாதையன் வெட்டிய கிணறுகளில் அவரையே பயமுறுத்தியது ஒன்றுதான். 1979இல், மகள் செந்தாமரையைக் கட்டிக்கொடுத்த கீழ்க்கொல்லையில் வெட்டியது. அந்த ஊரில் தண்ணீர் கிடையாது. ஆபீசர்கள் நாலு தடவை வந்து அளந்தார்கள், அளந்ததோடு சரி. ஏழு மாத வயிற்றோடு செந்தாமரை மலையேறி, அப்பன் ஊர்ச் சுனையில் குடம் நிறைத்துக்கொண்டு இறங்குவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவர் கடப்பாரையைத் தூக்கினார்.

பத்தடியில் வெள்ளைப் பாறைச் சுவரில் நூல் போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. இருபதடியில் விரல் கனம், முப்பதில் தொடைக் கனம். இறங்க இறங்க, கீழேயிருந்து ஏதோ தன்னைப் பார்த்து ஏறி வருகிறது என்று அவருக்கு உடம்பு கூசியது. கறுப்புக் கல் அம்மன் கல், அதில் இரும்பு படக்கூடாது என்பது அவர் ஊர் வழக்கம். ஒதுங்கி ஒதுங்கியே வெட்டினார். ஐம்பதடியிலும் சொட்டு ஈரம் இல்லை.

போளூர் பக்கம் பாறை ஆராய வந்திருந்த அருணகிரி கயிற்றில் இறங்கிப் பார்த்தார்.

"இது ஒரு காலத்துல பூமிக்குள்ள கொதிச்ச கல்லுக் கொழம்புங்க. வெள்ளப்பாறை அப்பவே கெட்டிதான். கீழ இருந்து முட்டின முட்டுல அது வெடிச்சி வழி வுட்டுச்சு. குளுந்த பாறை பட்டு ஓரமெல்லாம் ஒடனே ஆறிப்போச்சு, அதான் வழவழன்னு இருக்கு. நடுவுல மெதுவா ஆறிச்சு, அங்க பொரிபொரியா இருக்குது பாருங்க. மேல சந்து ஒடுங்க ஒடுங்க சூடு போயி, அங்கியே நின்னுட்டது."

"நின்னுட்டதுன்னு எப்டி சொல்றீங்க?"

அருணகிரி சிரித்தார். "கோடிக்கணக்குல வருஷமாச்சுங்க. இப்ப இது ஒரு வரப்பு. தண்ணி அந்தப்பக்கம் கட்டி நிக்குது."

அவர் போனபின் மாதையன் கறுப்புக் கல்லில் காதை வைத்தார். உள்ளே யாரோ வாய்க்குள்ளேயே பேசுவதுபோல் கேட்டது. மகளின் வீங்கிய கால்களை நினைத்துக்கொண்டார். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓங்கி இறக்கினார்.

மூன்றாம் நாள் கடப்பாரை பொதுக்கென்று உள்ளே இறங்கியது. சில்லென்று பீறிட்ட தண்ணீர் மார்பில் அறைய, மேலேயிருந்தவர்கள் அவரைக் கயிற்றோடு இழுத்துப்போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் இருபதடித் தண்ணீர். செந்தாமரை சிரித்துக்கொண்டே முதல் குடத்தை இறைத்தாள். அவருக்கு அழுகை வந்தது.

நாலு நாள் கழித்து மனைவி கெங்கம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் வெறுங்குடம்.

"சுனை வத்திப்போச்சுங்க. தோண்டிப் பாத்தாச்சு, மண்ணுகூட நனையல. ஊரே நம்ம வூட்டாண்ட வந்து நிக்குது. இன்னா சொல்றது?"

மாதையன் கிணற்றைப் பார்த்தார். தண்ணீர் அந்தப்பக்கம் கட்டி நிற்கிறது என்றுதான் அந்த மனுஷன் சொன்னார். அந்தப்பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.