மாமாவின் கால்மாட்டில்

பாக்கு மரத்திலிருந்து விழுந்த மாமாவை அந்தமானின் வடக்கே உள்ள மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து இரண்டு நாளாகியிருந்தது. கழுத்துக்குள் எலும்பு நொறுங்கிவிட்டதாம். மண்டையின் இரு பக்கமும் இடுக்கி மாட்டி, தலைமாட்டில் கயிறு கட்டி இரும்பு எடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். "தொட்டேன்னா மாமா செத்துருவாரு" என்று அம்மா என்னிடம் சொல்லிவைத்திருந்தாள். எனக்கு ஏழு வயது. அம்மா சொன்னால் சொன்னதுதான்.

இரண்டு டாக்டர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. காலில் துளி உணர்ச்சி மிச்சமிருந்தாலும் உடனே கழுத்தைத் திறந்து, நரம்பை அழுத்தும் எலும்பை எடுத்துவிட வேண்டும் என்றார் இளையவர். உணர்ச்சிதான் அறவே இல்லையே, கத்தி வைத்தால் இருக்கிற மூச்சும் நின்றுவிடும், எடை இழுப்பதே போதும் என்றார் பெரியவர். அம்மா இருவருக்கும் தலையாட்டினாள்.

மத்தியானம் அம்மா டீ வாங்கப் போயிருந்தாள். மாமா கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவர் கால் கட்டைவிரலில் ஒரு சிவப்பு எறும்பு கடித்துக்கொண்டு தொங்கியது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. எறும்புக்கடிகூடத் தெரியாத அந்தக் காலைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கட்டிலில் படாமல் எட்டி, எறும்பைக் கிள்ளி எடுத்தேன்.

"யாரு?" உதடு மட்டும் அசைந்தது. "கால்மாட்டுல யாரோ நிக்கிறாங்க. கட்டைவிரலப் புடிச்சாங்க."

"யாருமில்ல மாமா."

தலைமாட்டில் எடைகள் லேசாக ஆடின. நான் தொட்டதால்தான் ஆடுகின்றன என்று நம்பினேன்.

டீயோடு வந்த அம்மாவிடமும் மாமா அதையே சொன்னார். அம்மாவின் முகம் வெளுத்தது. செத்துப்போன தாத்தாதான் கூப்பிட வந்திருக்கிறார் என்று மாமாவின் நெற்றியில் திருநீறு பூசினாள். அதைக் கேள்விப்பட்ட இளைய டாக்டர் ஓடிவந்து ஊசியால் காலில் குத்திப் பார்த்தார். குத்தியபோதும் மாமா "ஆமா" என்றார், குத்தாதபோதும் "ஆமா" என்றார். பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். இளையவர் என் முன் குனிந்து, மாமாவின் காலை யாராவது தொட்டார்களா என்று இந்தியில் கேட்டார். கெஞ்சுகிற குரல்.

"கோயி நஹி" என்றேன். யாருமில்லை.

ஆபரேஷன் நடக்கவில்லை. மாமா சாகவும் இல்லை. வாயை மூடிக்கொண்டே அவரைக் காப்பாற்றிவிட்டதாக வெகுகாலம் எனக்குப் பெருமை. டாக்டர் கேட்டது அந்த ஒரு கிள்ளலைத்தான், காலில் உணர்ச்சி மிச்சமிருந்ததற்கு அதுதான் சாட்சி என்பது புரிய எனக்கு வயதாக வேண்டியிருந்தது. கழுத்தைத் திறந்திருந்தால் நடந்திருப்பாரா, போய்ச்சேர்ந்திருப்பாரா? யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதும் எனக்கு ஆறுதலாக இல்லை.

இப்போது மாமா போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்களோடு, சக்கர நாற்காலியில் இருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் அன்று கால்மாட்டில் நின்றவரைப் பற்றிச் சொல்வார். அம்மா தாத்தாவுக்குத் தவறாமல் விளக்கு வைக்கிறாள். சில சமயம் மாமா பேச்சை நிறுத்திவிட்டு, "பாப்பா, இப்பவும் யாராச்சும் நிக்கிறாங்களா பாரு" என்பார்.

அவர் காலடியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கும் நான், "யாருமில்ல மாமா" என்பேன்.