தொப்பிக்காரன் படம்

வருடத்துக்கு ஒருநாள், தம்பி பெயரிலான நினைவு மன்றத்தின் முன்வரிசை நாற்காலி அக்காவுக்கு. மற்ற நாட்களில் அவள் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். முகவரி தப்பிய கடிதங்களுக்கு வீடு கண்டுபிடிப்பதே அவள் வேலை. அரைகுறையாக முகவரி எழுதுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"வானத்தைப் பிளந்த வீரன்" என்று மேடையில் முழங்குவார்கள். பிளந்தானாம்! ஏணியில் மூன்றாம் படி ஏறினாலே தலை சுற்றுகிறது என்று இறங்கிவிடுகிறவன் அவள் தம்பி. சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். தெருவே அவனைப் 'பஞ்சர்' என்றுதான் கூப்பிடும். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி கிளம்பியதும், "மாட்டினியா?" என்று டியூபிடமே கேட்பான். பத்தொன்பது வயதில் பட்டாளம் அவனைக் குண்டு போடும் விமானத்தின் வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள், துப்பாக்கியோடு உட்காரவைத்தது. ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுத்ததாக அக்காவுக்கு எழுதினான். ஒன்பதாவது தடவை போன விமானம் திரும்பவில்லை. 'காணவில்லை' என்று ஒரு தாள் வந்தது, அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய விடுமுறையில்தான் அந்தக் கூத்து நடந்தது. சீருடையில் ஒரு படம் பிடித்துக்கொள்ள ஸ்டுடியோவுக்குப் போனான். அக்காவும் கூடப் போனாள். ஒட்டிக்கொண்டு வந்தான் கடை முதலாளியின் மகன். கால் கோணல் என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிப் பட்டாளத்துக்கு டிமிக்கி கொடுத்தவன். கல்யாண வீடுகளில் அதே காலால் விடிய விடிய ஆடியவன். "ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கறேன்டா" என்று சட்டையையும் தொப்பியையும் பிடுங்கி மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் நின்றான். ஸ்டுடியோக்காரரிடம் அன்றைக்கு மிச்சம் இருந்தது ஒரே பிலிம்.

"அவனே எடுத்துக்கட்டும்க்கா. நான் அடுத்த லீவுல எடுத்துக்கறேன்" என்று தம்பி சிரித்தான்.

பல வருடம் கழித்து மன்றத்தார் படம் கேட்டபோது, ஸ்டுடியோக்காரர் தம்பியின் பெயரில் பதிவாகியிருந்ததைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். திரையை விலக்கியபோது சட்டத்துக்குள் முதலாளி மகன் நின்றான். மேடையில் மன்றத் தலைவராக நின்றதும் அவனேதான். தன் முகத்துக்குத் தானே பூ வைத்தான், வாயைத் திறக்கவில்லை. அக்கா எழுந்தாள். அதற்குள் கண்ணில் புரை விழுந்த அம்மா கண்ணாடியைத் தடவி, "என் கண்ணே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் அம்மா இல்லை. ஒரு வாரம் முன்பே தலைவர் வீட்டுக்குப் போனாள். அவளிடம் தம்பியின் படம் ஒன்று இருந்தது. தபால்தலை அளவு, கழுத்தில் டயர், முகமெல்லாம் பல்.

"இதையா மாட்டச் சொல்றீங்க?" தலைவர் முகத்தைச் சுளித்தார். "வீரன் மாதிரியே இல்லையேக்கா. சனங்க பன்னெண்டு வருஷமா அந்த முகத்தப் பாத்துதான் அழறாங்க."

"அந்த முகமே இருக்கணும்னா, நீங்க காணாமப் போயிடுங்க தலைவரே."

அவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அந்த அளவுக்குத்தான் அவர் மூளை.

நினைவு நாளில், "சாவைப் பார்த்துச் சிரித்தவன்" என்று அவர் மைக்கில் முழங்கினார். அக்கா எழுந்து மேடை ஏறினாள்.

"இந்தப் படத்துல இருக்கறவரு சாகவும் இல்ல, காணாமலும் போகல. நல்லாத் தின்னு கொழுத்து உங்க முன்னாடி மைக்கப் புடிச்சிட்டு நிக்கறாரு. அந்த இடது காதப் பாருங்க."

சிறுவயதில் நாய் கடித்துப் பிய்ந்த காதுமடல். கூட்டம் படத்தைப் பார்த்தது, தலைவரைப் பார்த்தது. தலைவரின் கை தானாகவே காதை மறைத்தது. அது ஒன்றே போதுமாக இருந்தது.

அக்கா சட்டத்தைக் கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தாள். அதே ஆணியில் தம்பியின் சின்னப் படத்தை மாட்டினாள்.

"ஒண்ணுமே தெரியலையே!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"கிட்ட வந்து பாருங்க" என்றாள் அக்கா. "இத்தன வருஷத்துல ஒருத்தராவது வந்தீங்களா?"

பின்வரிசைக்காரர்தான் முதலில் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், கண்ணை இடுக்கிக்கொண்டு.