ட்ரெயிலர் இழுக்க ஒரு பிக்கப்

என்னைக் கோபக்காரி என்று சொல்கிறவர்கள், எழுபதுகளின் நடுவில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்த வெள்ளைக் காரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதோடு மாரடித்தது யார் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்துப் பேசியிருப்பார்கள்.

மெல்பேர்னுக்கு மேற்கே, வெரிபீக்குப் போகும் வழியில் அப்போது எங்கள் வீடு. என் கணவர் பொறியியலாளர். பாலங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. நான் ஆஸ்பத்திரியில் தாதி. மகளுக்கு ஆறு வயது. எங்களைப்போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம்.

எல்லாம் ஒரு மோட்டலில்தான் தொடங்கியது. வந்த முதல் வருடம், எங்கள் பழைய சின்னக் காரில் சிட்னிக்குப் போய்க்கொண்டிருந்தோம். பொழுது படும் நேரம் நெடுஞ்சாலையோரச் சிற்றூர் ஒன்றில், அறை உண்டு என்று பலகையில் விளக்கு எரிந்த ஒரு மோட்டலின் முன் நிறுத்தினோம். அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். நான் மகளை மடியில் வைத்தபடி கண்ணாடிக் கதவுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்குப் பின்னால் நின்றவன் இல்லை என்று தலையாட்டினான். இவர் அதற்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் காரைப் பின்னுக்கு எடுக்கும்போதே அடுத்து வந்த வெள்ளைக்காரக் குடும்பம் உள்ளே போய்ச் சாவியோடு வெளியே வந்தது.

"போர்டை மாத்த மறந்திட்டாங்கள் போல," என்றார்.

"அப்ப அவையளுக்கு மட்டும் எப்பிடிச் சாவி குடுத்தவங்கள்?"

"அவை முதலே சொல்லி வைச்சிருப்பினம். நீர் எல்லாத்தையும் பிழையாய் விளங்கிறீர்."

அன்று ஒரு பூங்காவுக்குப் பக்கத்தில் காருக்குள்ளேயே படுத்தோம். மகள் கால் நீட்ட இடமில்லாமல் சிணுங்கிக்கொண்டே தூங்கினாள். மோட்டல்காரனில் வந்த கோபத்தைவிட எனக்கு இவரில் வந்த கோபம் பெரிது. அவமானப்பட்டால் அவமானம் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சாட்டுக் கண்டுபிடித்து, அந்தச் சாட்டை என் தலையிலும் கட்டுகிற மனிதரை என்ன செய்வது?

அந்த இரவிலிருந்து நாங்கள் இருவரும் ஆளுக்கொரு முடிவுக்கு வந்தோம். இனி எந்த மேசைக்கு முன்னாலும் போய் இடம் இருக்கிறதா என்று கேட்பதில்லை என்பது என் முடிவு. அடுத்த முறை நல்ல காரில் போனால் மரியாதையாக நடத்துவார்கள் என்பது அவருடைய முடிவு.

என்னோடு வேலை செய்த ஒரு தாதி, தன் வீட்டுக் கூடார ட்ரெயிலரை விற்கப்போவதாகச் சொன்னாள். மூடிவைத்தால் இரண்டு சக்கரத்தில் ஒரு பெட்டி. திறந்து விரித்தால் இரு பக்கமும் கட்டில், நடுவில் சின்ன மேசை, மேலே கன்வஸ் கூரை. பார்த்த உடனே பிடித்துவிட்டது. என் சம்பளத்தில் நானே வாங்கினேன். நம்முடைய படுக்கை நமக்குப் பின்னாலேயே வரும், எவனுடைய சாவியும் தேவையில்லை. அதை நினைத்தாலே நெஞ்சு நிமிர்ந்தது.

அதை இழுக்க வண்டி வேண்டும். எங்கள் சின்னக் காரால் அதன் கிட்டவும் போக முடியாது. ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் சாரதிகளிடம் விசாரித்தேன். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: யூட் வாங்கு. முன்னுக்குக் கார்போல இருந்து, பின்னுக்குத் திறந்த பெட்டி உள்ள வண்டியை இங்கே யூட் என்பார்கள். நாங்கள் ஊரில் பிக்கப் என்போம். ஆறு சிலிண்டர் எஞ்சின், பலமான அடிச்சட்டம், மூன்று பேர் வரிசையாக இருக்க ஒரே நீளச் சீட். எங்களுக்கென்றே செய்ததுபோல இருந்தது.

ஒரு சனிக்கிழமை அவரையும் இழுத்துக்கொண்டு வாகனம் விற்கும் இடத்துக்குப் போனேன். ஒவ்வொரு யூட்டாகப் பார்த்து, எவ்வளவு பாரம் இழுக்கும், மேட்டில் சூடாகுமா, கொக்கி எங்கே பூட்டுவது என்று கேட்டேன். கேட்டது நான். விற்கிறவன் பதில் சொன்னதெல்லாம் என் கணவரின் கழுத்துப்பட்டிக்கு. இவரோ யூட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு வெள்ளைக் காரின் கதவைத் திறந்து மூடி, அந்தச் சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல அவருடைய இரண்டு நண்பர்களும் வரவழைக்கப்பட்டார்கள். ஒருவர் டொக்டர், மற்றவர் கணக்காளர். எங்கள் ஆட்கள் ஒரு கதிரை வாங்குவதென்றாலும் நாலு பேரைக் கூட்டிப் பேசாமல் வாங்குவதில்லை. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றி ஹோலுக்குச் சுமந்தேன்.

"பிக்கப்போ? மரக்கறி யாவாரம் துவங்கப் போறீரோ?" என்று டொக்டர் இவரைக் கேட்டார். மூவரும் சிரித்தார்கள்.

"ட்ரெயிலர் இழுக்கிறதுக்கு அண்ணை," என்றேன் நான்.

"அது சரி தங்கச்சி. ஆனால் ஊருக்குப் படம் அனுப்ப வேணுமெல்லோ. பிக்கப்புக்குப் பக்கத்திலை நிண்டு எடுத்து அனுப்பினால் சனம் என்ன நினைக்கும்? அங்கை போய் லொறி ஓடுறார் எண்டுதான் கதைப்பினம்."

விஷயம் அதுதான். அந்தக் காலத்தில் வெளிநாடு போன எங்கள் ஆட்கள் கார் வாங்கியதும் செய்கிற முதல் வேலை, அதன் எஞ்சின் மூடியில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது. அந்தப் படம் வீடு வீடாகப் போகும். இவருடைய தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. மாப்பிள்ளை பகுதியார் படத்தைப் பார்ப்பார்களாம். பிக்கப்பைப் பார்த்தால் மதிப்புக் குறையுமாம். என் பிள்ளை கால் நீட்டித் தூங்குவதா, முகம் தெரியாத ஒரு மாப்பிள்ளை வீட்டார் மூக்கைச் சுளிக்காமல் இருப்பதா என்ற கேள்விக்கு அந்த ஹோலில் ஒரே நொடியில் தீர்ப்பாகிவிட்டது. நான் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவும் சத்தத்தில் என் பதிலைச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த கிழமை நான் வேலை முடிந்து வருகிறேன், வாசலில் அந்த வெள்ளைக் கார் நிற்கிறது. மூடியில் பூமாலை, சக்கரத்துக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். ராகுகாலம் பார்த்து, நண்பர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய் எடுத்து வந்திருக்கிறார். வெளியே பார்க்க நல்ல அழகு. உள்ளே நாலு சிலிண்டர்.

"உது ட்ரெயிலர் இழுக்காது," என்றேன்.

"கொக்கி பூட்டலாம் எண்டு கார் வித்தவன் சொன்னவன்."

"கொக்கி என்ரை கழுத்திலையும் பூட்டலாம். இழுக்குமோ?"

"நீர் ஒருக்கால் சீலையை மாத்திக்கொண்டு வாரும். வெளிச்சம் போக முதல் படம் எடுக்க வேணும்."

நான் சீலை மாற்றவில்லை. தாதி உடுப்போடேயே போய் நின்றேன். அந்தப் படத்தில் அவர் சாய்ந்துகொண்டு சிரிக்கிறார். நான் அடிக்க வருகிறவள்போல நிற்கிறேன்.

கிறிஸ்மஸ் விடுமுறைக்குச் சிட்னி போவதென்று முடிவானது. சாமான் ஏற்றும்போதே மறுபடி சண்டை. இடித்த தேங்காய்ச் சம்பல் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆகவே கல்லுரலும் உலக்கையும் வர வேண்டும். அரிசிப் பை, மண்ணெண்ணெய் அடுப்பு, சட்டி பானை எல்லாம் வர வேண்டும். பாரத்தை ட்ரெயிலரின் முன்பக்கம் வைக்க வேண்டும், பின்னுக்கு வைத்தால் வால் ஆடும் என்று நான் கேட்டறிந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

"குசினி வீட்டுக்குப் பின்னுக்குத்தானே இருக்க வேணும்," என்றார், பெரிய பகிடி விட்டவர்போல. முன்பக்கம் சாமிப்படமும் தலையணைகளும், பின்பக்கம் உரலும் அரிசியும். பாலத்துக்குப் பாரம் பார்க்கிற மனிதர் இவர். அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் படிப்பைக் கழற்றிக் கொழுவிவிட்டு வருவாரோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விக்டோரியா மாநில எல்லை வரை ஒருமாதிரிப் போனோம். அதற்குப் பிறகு மேடுகள் வந்தன. டிசம்பர் இங்கே கோடை, வெயில் கொளுத்தியது. ட்ரெயிலரின் பின்னால் ஏற்றிய பாரம் காரின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மேட்டில் நடக்கிறவன் எங்களை முந்தலாம். இறக்கத்தில் ட்ரெயிலர் இடமும் வலமுமாக வாலை அடிக்கத் தொடங்கியது. எதிரே ஒரு லொறி வந்துகொண்டிருந்தது.

"மெல்லமாய் விடுங்கோ. பிரேக்கை ஒரேயடியாய் அமத்தாதேங்கோ."

"வாயைப் பொத்திக்கொண்டிரும்."

லொறி ஹோர்ன் அடித்தபடி எங்களை உரசாத குறையாகக் கடந்தது. மகள் வீரிட்டாள். அடுத்த மேட்டின் பாதியில் எஞ்சின் கொதித்து, மூடிக்குள்ளிருந்து ஆவி பறக்கக் கார் நின்றுவிட்டது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஒரு மரத்தடிக்குப் போனேன். அவர் பக்கம் நான் திரும்பவே இல்லை.

பிறகு ஒரு பொலிஸ் கார் வந்து நின்றது. இறங்கிய பொலிஸ்காரன் உதவிக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் எங்கள் காரை ஒருமுறை சுற்றி வந்தான். அந்த வெயிலிலும் கழுத்துப்பட்டியோடு நின்ற என் கணவரைக் காலிலிருந்து தலைவரை பார்த்தான்.

"இது யாருடைய கார்?" என்று கேட்டான்.

"என்னுடையது," என்றார்.

"உன்னுடையதா?"

கடதாசிகளைக் கேட்டான். அவற்றை எடுத்துப்போய்த் தன் காரின் வயர்லெஸ்ஸில் நெடுநேரம் பேசினான். பிறகு ட்ரெயிலரைத் திறக்கச் சொன்னான். உலக்கையை வெளியே எடுத்து, இது எதற்கு என்று கேட்டான். "தேங்காய் இடிக்க," என்றேன். நம்பாதவன்போல அதைக் கையில் வைத்து நிறுத்துப் பார்த்தான். அந்த நேரம் சேறும் துருவுமாக ஒரு யூட், பின்னால் செம்மறி ஆடுகள் நிறைந்த ஒரு ட்ரெயிலரை இழுத்தபடி மேட்டில் முக்காமல் முனகாமல் ஏறிப் போனது. பொலிஸ்காரன் அதை ஓட்டியவனுக்குக் கையசைத்தான். அவனிடம் யாருடைய வண்டி என்று கேட்கவில்லை.

கடைசியில் கடதாசிகளைத் திருப்பித் தந்துவிட்டுப் போனான். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. என் கணவர் அதற்கும் நன்றி சொன்னார். கடதாசிகளை உறைக்குள் வைக்க முயன்றார். உறை கீழே விழுந்தது. நான் போய் வாங்கி வைத்தேன். அந்தப் பொலிஸ்காரனின் முகத்தில் உலக்கையால் ஒன்று போட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும்.

செம்மறியாட்டு யூட்காரன் ஆடுகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தான். கேட்காமலே எங்கள் ட்ரெயிலரைத் தன் வண்டியில் பூட்டி, தன் காணியின் மர நிழலில் கொண்டுபோய் விட்டான். காரை இழுக்க ஊரிலிருந்து ஆளும் அனுப்பினான். நான் கூடாரத்தை விரித்தேன். மகள் கட்டிலில் கை கால் பரப்பிப் படுத்து உடனே தூங்கிப்போனாள்.

என் கணவர் வெளியே ஒரு மடக்குக் கதிரையில் இருந்தார். கழுத்துப்பட்டியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"யாற்றை கார் எண்டு கேட்டிட்டான்," என்றார். மறுபடி அதையே சொன்னார். பிறகு, "போய் உந்தக் காரைக் குடுத்திட்டுப் பிக்கப் ஒண்டு பாப்பம்," என்றார்.

அவர் மேல் இரக்கம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

சிட்னிப் பயணத்தைக் கைவிட்டு, காரைத் திருத்தி மெல்பேர்ன் திரும்பியதும் வாகனம் விற்கிறவனிடம் போனோம். அவன் வழக்கம்போல இவரை நோக்கித் தொடங்கினான். "என் மனைவியிடம் பேசுங்கள், அவர்தான் தெரிவு செய்கிறார்," என்றார் இவர். நண்பர்கள் வரவில்லை, நேரம் பார்க்கவில்லை. நான் ஆறு சிலிண்டர் பச்சை யூட் ஒன்றை ஓட்டிப் பார்த்து எடுத்தேன். மாசியில் ஒரு வார இறுதிக்கு ட்ரெயிலரைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். ஓட்டியது நான். மகள் நடுவில் இருந்தாள். மேடு வந்தது தெரியாமல் ஏறினோம்.

"இப்ப உமக்குச் சந்தோசம்தானே?" என்று கேட்டார்.

"இல்லை."

"ஏன்? நீர் கேட்டதைத்தானே வாங்கினது."

"நான் கேட்டதுக்கு வாங்கேல்லை. அந்தப் பொலிஸ்காரன் கேட்டதுக்கு வாங்கினனீங்கள். நான் மாதக்கணக்காய்ச் சொன்னனான். அவன் ஒருக்கால்தான் கேட்டவன்."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கியரை மாற்றி, முன்னால் போன லொறியை முந்தினேன்.