அந்த அம்மா டாட்டா காட்டவில்லை

போன வருடம் ஆயுத பூஜைக்கு நான்கு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தது. தஞ்சாவூரிலிருந்து பூம்புகார் வரை பழைய ஸ்கூட்டர்களின் ஊர்வலம் என்று வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பைப் பார்த்ததும், வீட்டில் யாரையும் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டேன். என்னிடம் கை கியர் வைத்த பழைய ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது. என் சம்பாத்தியத்தில் நானே தேடிப் பிடித்து வாங்கியது. ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு உதைத்தால்தான் கிளம்பும். சட்டென்று சூடாகிவிடும். இரண்டாவது குணம் எனக்கும் உண்டு.

"தனியாவா போறே?" என்று கணவர் கேட்டார். ஹாஸ்டலிலிருந்து மகள் போன் போட்டு அதையே கேட்டாள். நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியில் வாட்ச்மேன் உட்பட எல்லோரும் கேட்டார்கள். கிளம்பும் அன்று காலை பெரிய கோயில் பக்கம் கூடியபோது, ஊர்வலத்தை நடத்தியவரும் "சார் வரலையா மேடம்?" என்றார். இல்லை என்றதும், "அப்ப நீங்க கடைசியா வாங்க. பின்னால வேன் வருது, உங்களுக்கு சேஃப்டி" என்று என்னை வரிசையின் வாலில் நிறுத்தினார். காலங்காத்தாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூம்புகார் கடலில் முன்சக்கரத்தை நனைத்துவிட்டு வரவேண்டும் என்ற ஆசையில் வாயை மூடிக்கொண்டேன்.

அவரை எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. கழுத்தில் விசில், ஹெல்மெட்டில் கேமரா. "இது எங்க ஏரியா. வலங்கைமான் பக்கம்தான் எங்க பூர்வீகம்" என்று நொடிக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருந்த கூட்டம் அவர் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

வலங்கைமான் வரை சொர்க்கம்தான். வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடியது, குறுவை வயல்களில் அறுவடை மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. டீ குடிக்க நிறுத்தினோம். என் வண்டியில் பிளக் கரி பிடித்து மக்கர் செய்ததால் நான் அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். கேப்டன் தூரத்தில் எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

ஊரைத் தாண்டி ஒரு திருப்பத்தில், ரோட்டின் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. குறுவை அறுப்புச் சமயத்தில் மழை மிரட்டினால் எங்கள் பக்கத்தில் ஈர நெல்லைக் காயவைக்க ரோட்டை விட்டால் இடமில்லை. ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அதனால் நெல்லின் ஓரமாக வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். அவசரத்தில் பறக்கும் பஸ்காரர்கூட அந்தக் கல்லைப் பார்த்தால் ஒதுங்கித்தான் போவார்.

எனக்கு முன்னால் போன ஸ்கூட்டர்கள் அத்தனையும் கல் வரிசைக்குள் புகுந்து நெல்லின் மேலேயே ஏறின. வேண்டுமென்றே. சிலர் வளைந்து வளைந்து ஓட்டினார்கள். எல்லாம் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் அந்தக் காலத்து வண்டிகள், போகிற வழியெல்லாம் எண்ணெய் சொட்டும்.

ரோட்டோரத்திலிருந்து ஓர் அம்மா, கையிலிருந்த நெல் தள்ளும் கட்டையைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். வாய் கத்துவது தெரிந்தது, வண்டிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. போனவர்கள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு அவருக்குத் திருப்பிக் கையாட்டிவிட்டுப் போனார்கள்.

நான் வண்டியை நிறுத்தி இறங்கினேன். கிடைத்த ஒரே ஆள் நான்தானே.

"நீங்கள்லாம் சோறுதானே திங்கிறீங்க? கண்ணு அவிஞ்சா போச்சு? கல்லு வச்சிருக்கிறது தெரியல?"

நான் ஏற்றவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் வண்டியின் முகப்பில் அவர்கள் வண்டியில் இருந்த அதே ஊர்வல ஸ்டிக்கர் இருந்தது. அவர் குனிந்து ஒரு கை நெல்லை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார். உமி பிளந்து அரிசி வெள்ளை வெள்ளையாக நொறுங்கியிருந்தது.

"பாருங்க, அப்படியே நொய்யாப் போச்சு. எண்ணெ வேற சொட்டியிருக்கு. குத்தகை நெலம்ங்க இது. லீவு முடிஞ்சு கொள்முதல் சென்டர் திறந்ததும் போட்டாகணும். மேகத்தப் பாருங்க, இப்ப இதுல எது நல்லது எது கெட்டதுன்னு நான் பொறுக்கிக்கிட்டு உக்காந்தேன்னா மழையில மொத்தமும் முளைச்சுப் போயிடும். எங்க வீட்டுக்காரரு தார்ப்பாய் கேட்டுப் போயிருக்காரு. ஒத்தையா நான் என்னத்தப் பண்ணுவேன்?"

கிழக்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தது. "மேடம், கேப்டன் லேட்டாவுதுங்கிறாரு" என்றார் டிரைவர். "ஆகட்டும்" என்று கத்தினேன். பாவம், அவர்மேல் கத்தி என்ன பிரயோஜனம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தேன். "வருவீங்க வருவீங்க" என்றார் அவர்.

அடுத்த ஊர்க் கல்யாண மண்டபத்தில் சாப்பாடு. நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். வாழை இலை போட்டுச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் தன் செல்போனைப் பக்கத்து இலைக்காரரிடம் காட்டிக்கொண்டிருந்தார். திரையில் அந்த அம்மா இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறார். "டாட்டா காட்டுறாங்க பாருங்க. எங்க ஊர் ஜனங்க பாசமே தனி" என்கிறார் இவர்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. "அது டாட்டா இல்ல சார், அந்தம்மா வயிறெரிஞ்சு கத்துறாங்க" என்று போட்ட சத்தத்தில், சாம்பார் வாளியோடு நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. சின்ன வயதில் லீவுக்கு ஊருக்கு வந்தபோது, உளுந்துச் செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்பியிருந்ததை இவர் பார்த்திருக்கிறார். பஸ்ஸும் லாரியும் ஏறினால் காய் வெடித்து உளுந்து உதிரும், அடிக்கிற வேலை மிச்சம். ரோட்டில் எதைப் போட்டாலும் வண்டி ஏறத்தான் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். டீக்கடையில் எல்லோருக்கும் அவர் கொடுத்த விளக்கமும் அதுதான். ஒதுங்கிப் போகாதீர்கள், மேலே ஏற்றினால் அவர்களுக்கு உதவி என்று சொல்லியிருக்கிறார். திமிரில் செய்தார்கள் என்று நினைத்துத்தான் நான் உள்ளே போனேன். உதவி என்று நினைத்துச் செய்தார்கள் என்று கேட்டதும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"அறுத்து உதுத்த நெல்லு சார் அது. கல்லு வச்சிருக்காங்களே, உங்க பூர்வீகத்துல அது எதுக்குன்னு யாரும் சொல்லலையா?"

அவர் முகம் சிவந்தது. "ரோட்டுல காயப்போடுறதே சட்டப்படி தப்பு மேடம்" என்றார்.

"இலையில இருக்கிறதும் அப்படி ரோட்டுல காய்ஞ்சதுதான். எந்திரிங்க."

யாரும் உடனே எழுந்துவிடவில்லை. பெங்களூர்க்காரர் ஒருவர் முதலில் இலையை மூடிவிட்டு எழுந்தார். பிறகு இன்னும் சிலர். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். அந்தத் தலைகள் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

நாங்கள் திரும்பிப் போனபோது அந்த அம்மா தனியாகச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சந்தோஷப்படவெல்லாம் இல்லை. முதல் ஆள் நெல்லில் கால் வைத்ததும், "செருப்பக் கழட்டுங்க!" என்று ஓர் அதட்டல். முழங்கால் வரை பூட்ஸும் தோல் ஜாக்கெட்டும் போட்டிருந்தவர்கள் அத்தனை பேரும் தார் ரோட்டில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்கள். வெறுங்காலோடு தள்ளினோம், கூட்டினோம், சாக்கைப் பிடித்தோம். கெட்ட நெல்லை அவர் தனியாக ஒதுக்கச் சொன்னார். அதுவே ஒரு பெரிய குவியல். கேப்டனும் கடைசியில் வேனில் வந்து இறங்கினார். அவரும் வெறுங்காலோடுதான் நின்றார், ஆனால் கேமராவைக் கழற்றவில்லை.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் தார்ப்பாயோடு வந்துசேர, மூட்டைகளின் மேல் அதை இழுத்துக் கட்டவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. ஒதுக்கின குவியல் கண்ணெதிரே நனைந்து ரோட்டோரம் அடித்துக்கொண்டு போனது.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கம்மா" என்றார் கேப்டன்.

"எங்கேங்க வைக்கிறது? நெல்ல வைக்கவே எடமில்ல" என்றார் அந்த அம்மா. எனக்கும் ஒரு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

நான் ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிட்டு மழையிலேயே தஞ்சாவூருக்குத் திரும்பினேன். தனியாகத்தான். இரண்டு நாள் கழித்து ஊர்வலத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேப்டன் ஒரு வீடியோ போட்டார். பின்னணியில் நாதஸ்வரம், அந்த அம்மா கையாட்டிக்கொண்டு ஓடிவருகிறார், கீழே 'டெல்டா மக்களின் அன்பான வரவேற்பு' என்று எழுதியிருந்தது. எல்லாம் தெரிந்த பிறகும்! அங்கே வெறுங்காலோடு நின்ற பிறகும்! கீழே வரிசையாக இதயங்கள் வேறு. நடந்ததை நான் அதே இடத்தில் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் ரோட்டோரம் யார் கையாட்டினாலும் வண்டியை நிறுத்தி, "என்னங்க?" என்று கேட்டுவிடுகிறேன். அநேகமாக டாட்டாதான் காட்டியிருப்பார்கள், என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அது ஆறாமல் இருக்கிறவரைக்கும்தான் நான் நிறுத்திக் கேட்பேன் என்று தோன்றுகிறது.