கதவுநிலையில் அடைத்த குழி

அது ஒரு விரல் நீளக் குழி. கல் கதவுநிலையில், என் தோளுக்குச் சற்று மேலே, சாய்வாக இருந்தது. சுவர் பூசும் வேலையில் முப்பது வருடம் போக்கியவன் நான். ஓட்டை உடைசலைக் கண்டால் என் கை சும்மா இராது. ஜேர்மனியில், வுப்பர்டாலுக்கு வெளியே ஒரு கிராமத்தில், யூதர்களின் பழைய தொழுகைக்கூடத்தையும், குழி இருந்த பக்கத்து வீட்டையும் திருத்திக்கொண்டிருந்தோம். நாஜிகள் அவர்களைத் துரத்திய பிறகு கூடமும் வீடும் நெடுங்காலம் வைக்கோல் கொட்டிலாகக் கிடந்தனவாம். வண்டி இடித்த காயமென்றே அந்தக் குழியை நினைத்தேன். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கூட வேலை செய்த மன்னார் அண்ணை, "கெதியா அடையும் காணும், நாளைக்குப் பெயின்ற் அடிக்கிற ஆக்கள் வருகினம்," என்றார். சாந்து பிடிக்கவேண்டுமென்று விளிம்புகளை உளியால் கொத்தி அகலமாக்கி, அடைத்து, தேய்த்து, கல்லின் நிறத்துக்கே கொண்டுவந்தேன். பிறகு அண்ணைக்கே இடம் தெரியவில்லை. எனக்கு அன்று சரியான புழுகம், பெருமை பிடிபடவில்லை.

அடுத்த மாதம் ஓர் அம்மா வந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டியவர். மகள் சக்கர நாற்காலியில் தள்ளிவந்தார். கூடத்தோடு ஒட்டிய அந்த வீட்டில் குடியிருந்த ஆசிரியரின் பிள்ளை. குழந்தையாக இருந்தபோது அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தகப்பன் தப்பவில்லை. நாங்கள் பாடுபட்டு மீட்ட விதானத்து நீலத்தை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நேரே அந்த வீட்டுக் கதவடிக்குப் போகச் சொன்னார். வேத வரிகள் எழுதிய தோல்சுருளை ஒரு சிறு கூட்டில் வைத்து, தகப்பன் தன் கையாலேயே நிலையில் குழி வெட்டிப் பதித்தாராம். வீட்டைவிட்டு வெளிக்கிடும்போதெல்லாம் மகளைத் தூக்கித் தொட வைப்பாராம்.

"கூடு இருக்காது, தெரியும். குழி இருக்கும்தானே," என்றார்.

"பேசாமல் இரும். ஆருக்குத் தெரியப்போகுது," என்று அண்ணை என் காதுக்குள் சொன்னார். என்னால் முடியவில்லை. முன்னால் போய், நான்தான் அடைத்தேன் என்று சொன்னேன். திரும்பத் தோண்டலாமா என்று மகள் கேட்டார். விளிம்புகளைக் கொத்திவிட்டேன், இனித் தோண்டினால் என் உளி வெட்டியதுதான் வரும் என்றேன். அதைச் சொல்லி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அம்மா கையை நீட்டினார். எட்டவில்லை. மகள் அவரைத் தாங்கி எழுப்ப, நான் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தி, அந்த இடத்தில் வைத்தேன். விரல்கள் மேலும் கீழும் தேடின. ஒரு சொரசொரப்புக்கூட அகப்படவில்லை.

"நன்றாகப் பூசியிருக்கிறீர்கள்," என்றார்.

குத்தல் இல்லை; மெய்யாகவே சொன்னார். என் வேலையைப் புகழ்ந்தவர்கள் பலர். அவற்றையெல்லாம் வீட்டில் வந்து சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.